கண் அழுத்தமும் காலை நடையும்

சிரசாசனத்தை ஆசனங்களின் அரசன் என்பார்கள். அந்த நிலையில் நிற்பவரின் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் அளந்து பார்த்தார்கள். யோகம் பழகிய 75 பேர் அந்த ஆய்வில் பங்கேற்றனர். முடிவு 2006இல் வெளியானது. தலைகீழாக நின்றதும் கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அந்த நிலையில் இருக்கும்வரை ஏறியது ஏறியபடியே நிற்கிறது. இளையவர், முதியவர் எல்லோருக்கும் இதே கதைதான்.

அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1991இல், அமெரிக்காவில் மைக்கேல் பாஸோவும் அவருடன் பணியாற்றியவர்களும் வேறொரு முடிவை வெளியிட்டிருந்தார்கள். பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் நோயான கிளாக்கோமா வரக்கூடும் என்று சந்தேகிக்கப்பட்ட, உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாத ஒரு சிறு குழுவினரை மூன்று மாதம் மூச்சு வாங்கும்படியான பயிற்சி செய்யவைத்தார்கள். அவர்களின் கண் அழுத்தம் சராசரியாக 4.6 மி.மீ. பாதரசம் குறைந்தது. இருந்த அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அது. சில சொட்டு மருந்துகள் குறைக்கும் அளவுக்கு நெருக்கமானது. பயிற்சியை நிறுத்தியதும் மூன்றே வாரத்தில் அழுத்தம் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

இரண்டும் உடற்பயிற்சிதான். ஒன்றில் அழுத்தம் ஏறுகிறது, மற்றொன்றில் இறங்குகிறது. ஆகவே “கிளாக்கோமா இருப்பவர் உடற்பயிற்சி செய்யலாமா?” என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. எந்தப் பயிற்சி, தலை எங்கே இருக்கிறது, மூச்சு எப்படிப் போகிறது என்று பிரித்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் தெளிவான பதில்கள் கிடைக்கின்றன.

அழுத்தம் எப்படி உண்டாகிறது

கருவிழிக்கும் வில்லைக்கும் இடையே தெளிந்த நீர் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணிலிருந்து கன்னத்தில் வழியும் கண்ணீர் அல்ல இது. உள்ளேயே சுரந்து உள்ளேயே வடிவது. நிமிடத்துக்கு இரண்டு மைக்ரோலிட்டருக்குச் சற்று அதிகமாகச் சுரக்கிறது. நாள் முழுக்கச் சேர்த்தாலும் ஒரு தேக்கரண்டி நிறையாது. கருவிழியின் ஓரத்தில் சல்லடை போன்ற திசு ஒன்று உண்டு. சுரந்த நீரில் பெரும்பகுதி அதன் வழியே ஒரு நுண்குழாயில் இறங்கி, கண்ணின் மேற்பரப்பில் ஓடும் சிரைகளில் கலந்துவிடுகிறது. சுரப்புக்கும் வடிதலுக்கும் உள்ள கணக்குதான் கண் அழுத்தம். 10 முதல் 21 மி.மீ. வரை இருந்தால் இயல்பு என்பது வழக்கம்.

வடிகால் அடைபட்டால் அழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் கண்ணின் பின்புறம் பார்வை நரம்பு வெளியேறும் இடத்தை நெரிக்கிறது. ஒவ்வொரு கண்ணின் நரம்பிலும் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக மடிகின்றன. மடிந்த இழை மீண்டும் முளைப்பதில்லை. முதலில் பார்வையின் ஓரங்கள்தான் போகும்; நேர்ப் பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும். அதனால்தான் நோயாளிக்குத் தெரிவதில்லை. அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகத்துக் கிராமங்களில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், கிளாக்கோமா இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்களுக்கு அந்த நோய் இருப்பதை அதுவரை அறியாமலே இருந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. அழுத்தம் 21க்குக் கீழே இருப்பவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. 25 இருந்தும் நரம்பு சேதமடையாமல் வாழ்பவர்களும் இருக்கிறார்கள். நரம்பின் தாங்கு திறனும் அதற்குப் போகும் ரத்த ஓட்டமும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. ஆனாலும் நம் கையில் இருக்கும் பிடி அழுத்தம் ஒன்றுதான். ஸ்வீடனில் தொடக்க நிலை நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு, அழுத்தம் 1 மி.மீ. குறையக் குறைய நோய் முற்றும் ஆபத்து ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. ஒரு மில்லிமீட்டருக்குக்கூட மதிப்பு இருக்கிறது என்பதால்தான் உடற்பயிற்சி பக்கம் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது.

நடந்தால் ஏன் இறங்குகிறது

வேகமாக நடந்தாலோ, மெல்ல ஓடினாலோ, சைக்கிள் மிதித்தாலோ சில நிமிடங்களில் கண் அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது. உழைப்பின் வேகம் கூடக்கூட இறக்கமும் கூடுகிறது. கண் அழுத்தம் இயல்பாக இருப்பவரைவிட, கூடுதலாக இருப்பவருக்கு இறக்கம் அதிகம்.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. தசைகள் உழைக்கும்போது ரத்தத்தில் லாக்டேட் சேருகிறது, வியர்வையில் நீர் போகிறது, ரத்தத்தின் அடர்த்தி சற்று ஏறுகிறது. அடர்ந்த ரத்தம் கண்ணுக்குள் இருந்து நீரை இழுத்துக்கொள்கிறது. வேகமாக மூச்சு விடுவதால் கரியமில வாயு குறைவதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இந்த இறக்கம் நிலைத்து நிற்பதில்லை; பயிற்சியை முடித்துச் சிறிது நேரத்தில், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், அழுத்தம் ஏறிவிடும். வாரக்கணக்கில் விடாமல் செய்பவர்களுக்கு ஓய்வு நேர அழுத்தமே சற்றுக் குறைந்து நிற்கிறது. பாஸோவின் ஆய்வு காட்டியது அதைத்தான். விட்டுவிட்டால் பலன் மறைந்துவிடும் என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

தலை கீழே போனால்

சிரசாசனத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். கண்ணின் நீர் கடைசியில் போய்ச் சேரும் இடம் சிரைகள் என்று பார்த்தோம். தலை இதயத்துக்குக் கீழே போனால் அந்தச் சிரைகளில் ரத்தம் தேங்கி, அங்கே அழுத்தம் ஏறுகிறது. வடிந்து இறங்க வேண்டிய நீர் தயங்கி நிற்கிறது. விழித்திரைக்குப் பின்னால் உள்ள ரத்தக்குழாய் அடுக்கும் ரத்தத்தால் புடைக்கிறது. கண் ஒரு மூடிய உருண்டை. உள்ளே எது புடைத்தாலும் அழுத்தம் உடனே ஏறும்.

சிரசாசனம் செய்பவர்கள் குறைவு. ஆனால் தலை தாழும் ஆசனங்கள் நிறைய. நியூயார்க்கில் ராபர்ட் ரிட்ச் உள்ளிட்டோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு நான்கு ஆசனங்களை எடுத்துக்கொண்டது: அதோமுக சுவானாசனம், நின்றபடி முன்னால் குனியும் உத்தானாசனம், ஹலாசனம், கால்களைச் சுவரில் உயர்த்திப் படுக்கும் விபரீதகரணி. கிளாக்கோமா உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு சாராருக்கும் நான்கிலும் அழுத்தம் ஏறியது. கைகளையும் பாதங்களையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில்தான் ஏற்றம் மிக அதிகம். சூரிய நமஸ்காரத்திலும் இந்த நிலை வருகிறது. ஆசனத்தை விட்டு எழுந்து உட்கார்ந்ததும் சில நிமிடங்களில் அழுத்தம் பழைய நிலைக்கு வந்தது.

சில நிமிட ஏற்றம் நரம்பைக் கெடுக்குமா? நலமான கண் தாங்கிக்கொள்ளும். சென்னை ஆய்விலும் பழகிய யோகப் பயிற்சியாளர்களிடம் கண் அழுத்தம் நிரந்தரமாகக் கூடியிருந்ததற்கான தடயம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே இழைகளைப் பாதி இழந்த நரம்புக்கு அந்தத் தாங்கு திறன் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பரிசோதித்துப் பார்ப்பதற்காக ஒருவரை ஆண்டுக்கணக்கில் தலைகீழாக நிறுத்தவும் முடியாது. எனவே மருத்துவர்கள் பாதுகாப்பான பக்கத்தில் நிற்கிறார்கள்: கிளாக்கோமா உறுதியானவர்கள் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது. யோகத்தையே விட வேண்டியதில்லை. தாடாசனம், விருட்சாசனம், வீரபத்திராசனம், பத்மாசனம் என்று தலை மேலே இருக்கும் ஆசனங்கள் ஏராளம். யோக ஆசிரியரிடம் முதல் நாளே கண் நோயைச் சொல்லிவிட்டால் அவரே மாற்றித் தருவார்.

மூச்சை அடக்கித் தூக்கும் எடை

ஜிம்முக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது மூச்சை. பிரேசிலில் 2006இல் வெளியான ஆய்வு ஒன்று, பெஞ்ச் பிரஸ் செய்த 30 ஆண்களின் கண் அழுத்தத்தை அளந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கியபோது பத்தில் ஒன்பது பேருக்கு அழுத்தம் ஏறியது. சராசரி ஏற்றம் 4.3 மி.மீ. இயல்பாக மூச்சு விட்டபடி தூக்கியபோது சராசரி ஏற்றம் 2.2 மி.மீ.தான்.

மூச்சை அடக்கி முக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் எகிறுகிறது. தலையிலிருந்து இறங்கும் ரத்தம் தடைபடுகிறது. கண்ணின் வடிகாலும் கூடவே தடைபடுகிறது. மலச்சிக்கலில் முக்குவதிலும், டிரம்பெட் போல எதிர்ப்பழுத்தம் மிகுந்த காற்றுக் கருவிகளை ஊதுவதிலும் இதுவே நடக்கிறது. எடைப் பயிற்சி எலும்புக்கும் தசைக்கும் முதுமையில் மிகவும் தேவை. அதை ஒதுக்க வேண்டாம். எடையைக் குறைத்து, எண்ணிக்கையைக் கூட்டி, தூக்கும்போது வாய்வழியாக மூச்சை வெளியே விட்டால் போதும். தலைப்பக்கம் தாழச் சாய்ந்த பலகையில் படுத்துச் செய்பவற்றை மட்டும் விட்டுவிடலாம்.

நீச்சல் நல்ல பயிற்சி. ஆனால் கண்குழிக்குள் இறுக்கிப் பொருந்தும் சிறிய நீச்சல் கண்ணாடி அணிந்திருக்கும் வரை கண் அழுத்தத்தை உயர்த்துகிறது. கண்ணைச் சுற்றியுள்ள எலும்பின்மேல் படியும் பெரிய கண்ணாடி மேல். நிறமிகள் உதிர்ந்து வடிகாலை அடைக்கும் ஒரு வகைக் கிளாக்கோமா உண்டு. அது உள்ள சிலருக்குக் குதித்தல், ஓடுதல் போன்ற குலுங்கும் பயிற்சிகளால் நிறமி அதிகம் உதிர்ந்து அழுத்தம் ஏறலாம். அவர்கள் மட்டும் ஓட்டத்துக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அழுத்தத்தைத் தாண்டி

உடற்பயிற்சியின் பயன் அழுத்தத்தோடு முடிந்துவிடுவதாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஜொனாதன் குரோஸ்டனும் விக்கி கிரிசோஸ்டமூவும் எலிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். கண் அழுத்தத்தைத் தற்காலிகமாக உயர்த்தினால் வயதான எலிகளின் விழித்திரை நரம்புச் செல்கள் இளம் எலிகளைவிட மோசமாகப் பாதிக்கப்படும். ஆனால் வாரக்கணக்கில் நீந்தவைக்கப்பட்ட வயதான எலிகளின் செல்கள் அந்த அடியை இளம் எலிகளைப் போலவே தாங்கின. பிடிஎன்எஃப் என்ற புரதம் இதற்குத் தேவைப்பட்டது. மூளையில் நரம்புச் செல்களைப் பேணும் புரதம் அது. அதன் வேலையைத் தடுத்தபோது நீச்சலின் பலனும் போய்விட்டது.

எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் மனிதரிடமும் ஒரு குறிப்பு கிடைத்திருக்கிறது. பிரிட்டனின் யுகே பயோபேங்க் தரவுகளை அலசி 2023இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் இயங்குபவர்களின் விழித்திரையில் நரம்புச் செல் அடுக்கு சற்றுத் தடிமனாக இருந்தது. அதே ஆய்வில், அதிகம் இயங்குபவர்களுக்குக் கிளாக்கோமா குறைவாக வருகிறது என்று காட்ட முடியவில்லை. கண் அழுத்தத்திலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆக, உடலியக்கம் நோயைத் தடுக்கும் கவசம் என்று சொல்லச் சான்று போதாது. நரம்பைப் பேண உதவக்கூடும் என்பதுவரை சொல்லலாம்.

நடை முந்தியதா, பார்வை முந்தியதா

நோய் வந்தவர்களைப் பற்றிய முக்கியமான ஆய்வு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்து வந்தது. பிரதீப் ராமுலு உள்ளிட்ட குழுவினர் 2019இல் அதை வெளியிட்டார்கள். கிளாக்கோமா உள்ள, அல்லது இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட 141 பேர் இடுப்பில் அசைவுமானியைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் நடமாடினார்கள். அந்த அளவை, ஓரங்கள் உட்படக் கண்ணுக்குத் தெரியும் பரப்பான பார்வைப் புலத்தை அளக்கும் ஃபீல்ட் டெஸ்டின் பல ஆண்டு முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். நாளொன்றுக்கு 5,000 அடிகள் கூடுதலாக நடப்பதும், உட்கார்ந்திருக்கும் நேரத்தில் 2.6 மணி நேரம் குறைவதும் தனித்தனியே பார்வை இழப்பின் வேகத்தில் ஏறத்தாழ 10 சதவீதக் குறைவோடு சேர்ந்து காணப்பட்டன. ஒன்பது ஆண்டில் போகவேண்டிய பார்வை போவதற்குப் பத்து ஆண்டு ஆகும் என்று பொருள். அறுபது வயதில் நோய் தெரியவந்தவருக்கு அந்த ஓராண்டு சிறியதல்ல.

ஆனால் இந்த ஆய்வைப் படிக்கும்போது ஒரு கேள்வி எழ வேண்டும். நடந்ததால் பார்வை நிலைத்ததா, பார்வை இருந்ததால் நடந்தார்களா? ராமுலுவின் குழு முன்பே செய்த வேறோர் ஆய்வில், பார்வைப் புலம் எவ்வளவு சுருங்கியதோ அவ்வளவு குறைவாகவே நோயாளிகள் நடந்தார்கள் என்று தெரிந்திருந்தது. எனவே காரணமும் விளைவும் இங்கே இரு பக்கமும் ஓடக்கூடும். ஒரு சாராரை நடக்கவைத்து மறு சாராரை நடக்கவிடாமல் பல ஆண்டுகள் ஒப்பிட்டால்தான் இதை அறுதியிட முடியும்.

அதுவரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். கிளாக்கோமா உள்ளவருக்குச் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் சேர்ந்தே இருப்பது சகஜம். நடை இவை இரண்டையும் கட்டுக்குள் வைக்க உதவுகிறது என்பதில் சந்தேகமே இல்லை. கண்ணுக்குக் கிடைப்பது அதன்மேல் வரும் லாபம்.

விழுந்துவிடுவோம் என்ற பயம்

கிளாக்கோமா நோயாளி வீட்டுக்குள் முடங்குவதற்குச் சோம்பல் காரணமாக இருப்பது அபூர்வம். பார்வைப் புலத்தின் கீழ்ப்பகுதி போனவருக்குப் படிக்கட்டின் விளிம்பும், நடைபாதையில் பெயர்ந்து கிடக்கும் கல்லும் தெரிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் இன்னும் மோசம். கனடாவில் நடந்த ஆய்வில், கிளாக்கோமா உள்ளவர்கள் முந்தைய ஆண்டில் விழுந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. ஒரு முறை விழுந்தவர் அடுத்த நாள் வெளியே போகத் தயங்குவார். தயங்கி உட்கார்ந்தால் கால் தசை மெலியும். மெலிந்த கால் இன்னும் எளிதாகத் தடுக்கும்.

வீட்டார் இதைப் புரிந்துகொண்டு உதவ வேண்டும். விடியற்காலை இருட்டில் நடப்பதைவிட, நன்றாக விடிந்தபின் நடப்பது நல்லது. குண்டும் குழியுமான தெருவைவிடப் பள்ளி மைதானம், பூங்கா, கைப்பிடிச்சுவர் உள்ள மொட்டைமாடி நல்லவை. துணைக்கு ஒருவர் வந்தால் பயம் பாதியாகும். அதுவும் முடியாதவருக்கு வீட்டுக்குள் நிற்கும் சைக்கிள் இருக்கிறது. படிக்கட்டின் ஓரத்தில் பளிச்சென்று ஒரு வண்ணக் கோடு போட்டுவைப்பது செலவில்லாத வைத்தியம்.

நோயாளிக்குச் சில குறிப்புகள்

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. கிளாக்கோமா உள்ளவருக்கும் அதே அளவு பொருந்தும். நாள் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள். பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் நடக்கலாம்.

நடந்து முடித்ததும் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்க வேண்டாம். குறுகிய நேரத்தில் அவ்வளவு நீர் குடித்தால் கண் அழுத்தம் ஏறும். கண்ணின் வடிகால் எப்படி இருக்கிறது என்று பார்க்க மருத்துவர்கள் இதையே ஒரு சோதனையாகச் செய்வதுண்டு. தாகத்துக்குக் குடியுங்கள், சிறிது சிறிதாகக் குடியுங்கள்.

டிமோலால் போன்ற பீட்டா பிளாக்கர் சொட்டு மருந்து போடுகிறவர்களுக்கு அந்த மருந்தின் சிறு பங்கு ரத்தத்திலும் கலக்கும். நாடித்துடிப்பு குறையலாம், நடக்கும்போது வழக்கத்தைவிடச் சீக்கிரம் களைப்பு வரலாம், ஆஸ்துமா இருந்தால் மூச்சுத் திணறலாம். அப்படி நேர்ந்தால் நடையையும் மருந்தையும் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. கிளாக்கோமாவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் குனிதல், எடை தூக்குதல், நீச்சல் மூன்றையும் மருத்துவர் சொல்லும்வரை தொடக்கூடாது.

விழியை உருட்டுவதும், உள்ளங்கையால் கண்ணைப் பொத்துவதும் கிளாக்கோமாவைக் குணப்படுத்தும் என்று சொல்லும் காணொளிகளை நம்ப வேண்டாம். அதற்குச் சான்று கிடையாது. நடையும் சொட்டு மருந்தின் இடத்தைப் பிடிக்காது. கண்ணின் வடிகால் கோணமே அடைபட்டிருக்கும் வகைக்கு லேசர் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ தேவைப்படும். எவ்வளவு நடந்தாலும் அந்தக் கோணம் திறந்துகொள்ளாது.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், குறிப்பாகப் பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ கிளாக்கோமா இருப்பவர்கள், பார்வை நன்றாக இருந்தாலும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். நோய் இருப்பது உறுதியானால் சொட்டு மருந்தை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். கூடவே, தலையை நிமிர்த்தி, மூச்சை அடக்காமல், வெளிச்சத்தில் தினமும் நடந்துவாருங்கள். போன பார்வையை மீட்க இன்றுவரை எந்த மருந்தும் இல்லை. இருக்கும் பார்வையைக் காக்க மருந்தும் உண்டு, அதற்குத் துணையாக நடையும் உண்டு.